இறக்கத்துக்கும் திட்டம் போடுங்கள்: கணவாய்ப் பயணங்களை நடத்தும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். காடு மூடிய மலைகளில் ஒரு பள்ளத்தாக்கில் தொடங்கி, கணவாயைக் கடந்து, மறுபக்கப் பள்ளத்தாக்கில் போய் முடியும் பயணங்களை நடத்துகிறவர்கள் நீங்கள். சிலர் சைக்கிளில் அழைத்துப் போகிறீர்கள், சிலர் நடையில், இன்னும் சிலர் இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் ஒரே மலையில். நாங்கள் அந்தச் சைக்கிள்களைப் பழுது பார்க்கிறவர்களும், அந்தப் பாதைகளில் வழிகாட்டுகிறவர்களும்.

உங்கள் அறிவிப்புகளில் ஏற்றத்தைப் பற்றி எல்லாமே இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் உயரம், எந்த இடம் செங்குத்து, எத்தனை மணிக்குள் உச்சியைத் தொட வேண்டும் என்று விளக்கமாக எழுதுகிறீர்கள். உச்சிக்கு அப்பால் வரும் பாதி வழிக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. ஏறும்போது களைத்தவர் ஓரமாக உட்காரலாம், சைக்கிளைத் தள்ளலாம், வந்த வழியே திரும்பலாம். இறங்கும்போது களைத்த விரல் பிரேக்கை நழுவவிடும், களைத்த தொடை படியில் மடங்கும். திட்டத்தில் சரிபாதி இடம் இறக்கத்துக்கு வேண்டும் என்று உங்களிடம் கேட்கவே இந்த மடல்.

இந்தப் பழக்கம் உங்களோடு தொடங்கியதல்ல. பிரான்சின் மலைச் சாலைகள் பலவற்றில் சைக்கிள்காரர்களுக்கென்றே கிலோமீட்டருக்கு ஒரு குறிகல் நட்டிருக்கிறார்கள். உச்சிக்கு மீதமுள்ள தூரமும் அடுத்த கிலோமீட்டரின் சராசரிச் சரிவும் அதில் எழுதியிருக்கும். அருமையான ஏற்பாடு, ஆனால் ஏறுகிறவருக்கான ஏற்பாடு. இறங்கி வருகிறவருக்கு அடுத்த கிலோமீட்டரில் 12 சதவீதச் சரிவு காத்திருக்கிறதா என்று சொல்ல அந்தக் கல் உதவாது.

நேரக் கணக்கிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் மற்றத் தவறுகள் பலவும் அங்கேதான் முளைக்கின்றன. நடைக்குழுக்களில் பலர் இன்னும் நைஸ்மித் கணக்கையே பின்பற்றுகிறார்கள். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்னது அது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இறக்கத்துக்கு அதில் தனி நேரமே கிடையாது. 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம், 900 மீட்டர் இறக்கம் உள்ள ஒரு கணவாய்க்கு அந்தக் கணக்குப்படி சுமார் 4 மணி நேரம் வரும்.

நடைபாதைக் கைகாட்டிகளுக்கான ஜெர்மன் தரக்குறிப்பு வேறு வழியில் போகிறது. சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர். ஏற்ற இறக்க நேரத்தைக் கூட்டி ஒரு பக்கம் வையுங்கள், தூரத்துக்கான நேரத்தை இன்னொரு பக்கம் வையுங்கள். இரண்டில் பெரியதை முழுதாகவும் சிறியதில் பாதியையும் எடுத்துக் கூட்டுங்கள். அதே கணவாய்க்கு ஏறவும் இறங்கவும் 3 மணியும் 1.8 மணியும் சேர்ந்து 4.8 மணி. தூரத்துக்கு 3 மணி, அதில் பாதி 1.5. மொத்தம் 6 மணி 18 நிமிடம். ஓய்வும் உணவும் இதில் சேராது. முதல் கணக்கை நம்பிப் பகல் 12 மணிக்குக் கிளம்பிய குழு, 4 மணிக்குக் கீழே இருப்போம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். 6 மணி தாண்டியும் அது காட்டுக்குள்தான் நடந்துகொண்டிருக்கும். மரம் அடர்ந்த சரிவில் வெளிச்சம் வெட்டவெளியைவிட முன்னதாகவே போய்விடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். திரும்பும் நேரம் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்துக்கு உச்சி பத்து நிமிடத் தூரத்தில் தெரிந்தாலும் திரும்பத்தான் வேண்டும்.

சைக்கிளில் ஏற்றத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் உள்ள கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.6 கிலோமீட்டர் வேகம். 10 சதவீதச் சரிவில் அதற்கு ஏறக்குறைய 185 வாட் தேவை. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு மணி நேரத்துக்கு அதைத் தாங்க மாட்டார்கள். முன்னால் 30, பின்னால் 42 என்றால் அதே 60 சுற்றில் வேகம் 5.4 ஆகக் குறையும், தேவை 131 வாட்டுக்கு இறங்கும். கியர் போதாதவர் எப்படியாவது உச்சிக்கு வந்துவிடுவார், நீங்களும் கைதட்டி வரவேற்பீர்கள். ஆனால் முதுகும் தோளும் இறுகி, கை நடுங்கிய நிலையில் அவர் இறக்கத்தைத் தொடங்குகிறார். பதிவு செய்யும்போதே மிகச் சிறிய கியர் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

இனி பிரேக். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அதே 85 கிலோ 1,000 மீட்டர் இறங்கும்போது ஏறக்குறைய 830 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு அது. ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும், மீதி இரண்டு டிஸ்கிலோ (சக்கர நடுவில் உள்ள பிரேக் தட்டு) இரண்டு ரிம்மிலோ (சக்கர விளிம்பு) சூடாக இறங்கும். பயந்தவர் என்ன செய்கிறார்? கைப்பிடியில் உள்ள இரண்டு பிரேக் லீவரையும் லேசாக அழுத்தியபடியே மணிக்கு 20 கிலோமீட்டரில் உருண்டு வருகிறார். 8 சதவீதச் சரிவில் அந்த வேகத்தில் அவருடைய பிரேக்குகள் இடைவிடாமல் சுமார் 300 வாட் சூட்டை வாங்குகின்றன. 1,000 மீட்டர் இறங்க அவருக்கு 37 நிமிடம் ஆகும். மொத்த ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு பிரேக்குக்கே போகிறது, டிஸ்க் ஆறுவதற்கு ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை.

மெதுவாகப் போனால் பத்திரம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் நீங்கள்தான். சொல்லிக்கொடுக்க வேண்டியது வேறு. பாதை தெளிவாகத் தெரியும் நேர்ப்பகுதியில் நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் காற்றை வாங்கட்டும். வளைவுக்கு முன்னால், சைக்கிள் இன்னும் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைக்கட்டும். குறைத்ததும் விட்டுவிட்டுத் திரும்பட்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் நேர்ப்பகுதியில் அது பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. அடுத்த வளைவு வருவதற்குள் டிஸ்க் ஆறிவிடுகிறது. இதற்கும் எல்லை உண்டு: கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம் எந்த இடத்திலும் கூடாது. சுதாரிக்க ஒரு நொடி வைத்துக் கணக்கிட்டால், காய்ந்த சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் நிற்க 17 மீட்டர் வேண்டும், 50-ல் 38 மீட்டர். இது கை தேர்ந்தவருக்கு. ஈரத்தில் இன்னும் மிக அதிகம்.

பிரேக் கைவிடும்போது அது எந்த வகையில் கைவிடுகிறது என்று உங்கள் வழிநடத்துநர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லீவர் வழக்கம்போல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் பிடிமானம் இல்லை என்றால் பேட், அதாவது டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை, சூடேறி மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆகிவிட்டது என்று பொருள். பிசின் கலவையால் செய்த ரெசின் பேட்களில் இது சீக்கிரம் வரும். நிறுத்தி ஆறவிட்டால் பெரும்பாலும் ஓரளவு மீளும். லீவர் கைப்பிடி வரை தொளதொளவென்று போகிறது என்றால் பிரேக்கை இயக்கும் எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்திருக்கும், அல்லது எங்கோ கசிகிறது. ஆறிய பிறகு லீவர் பழையபடி கெட்டியானாலும் அந்தச் சைக்கிள் அன்றைக்கு அதற்கு மேல் ஓடக் கூடாது. தள்ளிக்கொண்டு இறங்க வேண்டும், அல்லது வண்டியில் ஏற்ற வேண்டும். டாட் (DOT) என்ற தரக்குறி உள்ள பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் வயதாக ஆகக் கொதிநிலை இறங்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். மினரல் எண்ணெய் கேட்கும் பிரேக்கில் டாட் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக்கே போய்விடும். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்துங்கள், டிஸ்க் கோணிவிடக்கூடும்.

புறப்படும் முன் பார்க்க வேண்டியவை இவை. டிஸ்க் பேடில் உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும் என்பது பொதுவான விதி. நீண்ட இறக்கத்துக்கு அந்த விதி போதாது, 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அவரைக் கிளம்பவிடாதீர்கள் என்பது எங்கள் கருத்து. மழையில் மணலும் சேறும் சேர்ந்தால் ரெசின் பேட் ஒரே இறக்கத்தில் அதன் பின்தகடு வரை தேய்ந்துபோகலாம். டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும், 1.5 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். உலோகப் பேட் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் ரெசினுக்கு மட்டும் என்று எழுதிய டிஸ்கில் அதைப் போட்டால் டிஸ்க்தான் தேயும். புதுப் பேடை முந்தின இரவு மாட்டிக்கொண்டு நேராக மலைக்கு வருகிறவர்கள் உண்டு. மிதமான வேகத்துக்குப் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அழுத்தி, ஏறக்குறைய நிற்கும் நிலைக்கு வருவதை இருபது தடவையாவது செய்த பிறகுதான் அந்தப் பேட் முழுதாகப் பிடிக்கும்.

ரிம் பிரேக் என்றால் ரிம்மின் பக்கவாட்டில் உள்ள தேய்மானக் குழி இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். பிரேக் கட்டையில் பதிந்த அலுமினியத் துணுக்குகளை ஊசியால் நெம்பி எடுங்கள். லீவருக்குள் நுழையும் இடத்தில் கேபிள் இழை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தில் ரிம் பிரேக் முதலில் தண்ணீரைத் துடைக்கும், அதன் பிறகுதான் பிடிக்கும். தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம். கார்பன் ரிம் உருக்குலையவும் கூடும். லேடெக்ஸ் ட்யூபை ரிம் பிரேக்கோடு மலைக்குக் கொண்டுவர அனுமதிக்காதீர்கள். வாடகைச் சைக்கிளானால் எந்தக் கை முன்பிரேக் என்று ஒவ்வொருவரையும் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நாட்டுக்கு நாடு அது மாறும். பழக்கதோஷத்தில் தவறான லீவரை முழு பலத்தோடு இழுத்தவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார்.

இந்தச் சோதனையைக் காலையில் அடிவாரத்தில் செய்வதோடு, உச்சியில் இன்னொரு முறையும் செய்யுங்கள். ஒரு சைக்கிளுக்கு இரண்டு நிமிடம் போதும்: லீவர், பேட், டயரில் வெட்டு, சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு.

உச்சியில் அந்த இரண்டு நிமிடம் நிற்பதற்கும் ஒரு முன்னேற்பாடு வேண்டும். ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 0.65 டிகிரி குறையும். பள்ளத்தாக்கில் 24 டிகிரி என்றால் 1,000 மீட்டர் மேலே 17.5. இது காற்றில்லாத கணக்கு. கணவாய் என்பதே மலைத்தொடரின் தாழ்ந்த இடம், இரு பக்கத்துக் காற்றும் அந்த இடைவெளியில்தான் நெருக்கிக்கொண்டு பாயும். ஏறி வந்தவர் வியர்வையில் நனைந்திருப்பார். அடுத்த அரை மணி நேரம் அவர் மிதிக்கப்போவதில்லை, உடம்பு சூட்டை உண்டாக்கப்போவதில்லை, மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று மட்டும் நெஞ்சில் அறையும். முதலில் விறைப்பது விரல்கள். விறைத்த விரலுக்கு லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. ஆகவே காய்ந்த உள்சட்டை, காற்றுப் புகாத மேல்சட்டை, முழுவிரல் கையுறை மூன்றையும் கோடையிலும் கட்டாயமாக்குங்கள். உச்சிக்கு வந்தவுடன், குழுப் படம் எடுக்கும் முன்னால், உடை மாற்றச் சொல்லுங்கள். கடைசியாக வருகிறவருக்காக மற்றவர்கள் காற்றில் நின்று காத்திருக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சற்றுக் கீழே மரங்களின் மறைவில் காத்திருக்கலாம்.

மறுபக்கத்து வானிலை இந்தப் பக்கத்தைப் போல இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஈரக்காற்று மோதும் பக்கத்தில் அது மேலேறிக் குளிர்ந்து மழையும் மூடுபனியுமாக இருக்கும், மறுபக்கம் காய்ந்து வெப்பமாக இருக்கும். காய்ந்த பக்கத்தில் ஏறி ஈரமான பக்கத்தில் இறங்குவதுதான் மோசமான வரிசை. வழியைத் திருப்பிப் போட முடியுமானால் போடுங்கள்.

காட்டுச் சாலையின் தரை வெட்டவெளிச் சாலையின் தரை அல்ல. மழை நின்று வெயில் வந்த பிறகும் நிழல் விழும் வளைவுகள் நெடுநேரம் காயாது. உதிர்ந்த இலைகளும் ஊசியிலைகளும் வளைவின் வெளி ஓரத்தில் குவியும், அவற்றுக்குக் கீழே பாசி இருக்கும். மரம் வெட்டும் காலத்தில் லாரிகள் காட்டுப் பாதையிலிருந்து தார்ச்சாலைக்குத் திரும்பும் இடத்தில் சேறும் மரப்பட்டையும் சிதறிக் கிடக்கும், வெட்டு எங்கே நடக்கிறது என்று முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்திலிருந்து அடர்நிழலுக்குள் வேகமாக நுழையும்போது கண்ணுக்குச் சில நொடிகள் குழி தெரியாது. கறுப்புக் கண்ணாடியை உச்சியிலேயே கழற்றிவிட வேண்டும். மண்பாதைகளில் தண்ணீர் வடியக் குறுக்கே போட்ட மரக்கட்டைகள் சாய்வாகக் கிடக்கும். ஈரத்தில் சக்கரம் கட்டைக்கு நேர்கோணத்தில் இருக்கும்படிதான் அவற்றைக் கடக்க வேண்டும், பிரேக் பிடிக்காமல்.

நடந்து இறங்குகிறவர்களிடம் வருவோம். இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. மூச்சு வாங்காததால் களைப்பு தெரியாது. தெரியவரும்போது முழங்கால் நடுங்கத் தொடங்கியிருக்கும். உச்சியிலேயே காலணிக் கயிற்றை அவிழ்த்து, கணுக்காலை ஒட்டி இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விரல் நுனி முன்னால் மோதி மோதி நகம் கறுக்கும். நடைக்கோலை 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ள வேண்டும். காலடி சிறியதாக, முழங்கால் லேசாக மடங்கியபடி. ஈரமான வேரின்மேல் எந்தக் காலணியும் பிடிக்காது. அதைத் தாண்டி வையுங்கள், மிதிக்காதீர்கள்.

வளைவுகளுக்கு நடுவே குறுக்குவழியில் இறங்குவதை முற்றாக நிறுத்துங்கள். ஒரு குழு மிதித்த தடத்தில் அடுத்த மழைத் தண்ணீர் ஓடும், அது வாய்க்காலாகிப் பாதையையே அறுத்துவிடும். அதைவிட உடனடியான காரணம் ஒன்று உண்டு. குறுக்கே இறங்குகிறவரின் காலில் பெயரும் கல் கீழே உள்ள கொண்டை ஊசி வளைவில்தான் போய் விழும். சைக்கிள்காரர் மிகச் சாய்ந்து திரும்புகிற இடமும் அதுவே. இரண்டு குழுவையும் ஒரே நாளில் நடத்துகிறவர்கள் இதை ஒரு முறை வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே பாதையில் இருவரும் போக நேர்ந்தால் நடப்பவருக்கே முதல் உரிமை. சைக்கிள்காரர் தூரத்திலேயே மணியடித்து, நடை வேகத்துக்குக் குறைத்து, நடப்பவர் ஒதுங்கிய பிறகு போகட்டும். சட்டம் இதற்கு மேலும் போகும் இடங்கள் உண்டு. கருங்காடு அமைந்துள்ள ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப் பாதைகளில், தனி அனுமதி இல்லாமல் சைக்கிள் ஓட்டக் கூடாது. நீங்கள் போகும் காட்டின் விதி என்ன என்பதை அறிவிப்பிலேயே எழுதுங்கள். வந்து சேர்ந்த பிறகு அபராதச் சீட்டோடு தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியல்ல அது.

குழுவாக இறங்கும்போது ஒருவருக்கு ஒருவர் குறைந்தது நான்கு நொடி இடைவெளி வேண்டும். வளைவில் முந்தக் கூடாது. கூடும் இடம் வளைவில் இருக்கக் கூடாது, வளைவைத் தாண்டிய நேர்ப்பகுதியில் சாலைக்கு வெளியே இருக்க வேண்டும். கடைசியில் ஒரு வழிநடத்துநர் வர வேண்டும், அவரிடம் உதிரி பேட் ஒரு ஜோடியாவது இருக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால் எந்தப் பக்கத்திலிருந்து உதவி வரும்? மாவட்ட, மாநில எல்லைகள் பல இடங்களில் மலைமுகட்டை ஒட்டியே போகின்றன. உச்சிக்கு இந்தப் பக்கம் அழைத்தால் ஒரு ஊர், அந்தப் பக்கம் அழைத்தால் வேறொரு ஊர். இரு பக்கத்து மருத்துவமனை, மீட்புக் குழு எண்களும் எல்லோர் கையிலும் இருக்கட்டும், பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாத பகுதி எது என்பதும் தெரிந்திருக்கட்டும். இடத்தைச் சொல்லத் தெரியாமல் நேரம் வீணாவதுதான் பெரும் இழப்பு. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் பிராட்டோ என்ற ஊரின் பக்கத்து 48 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் இருக்கிறது, 17-ஆம் வளைவு என்றால் போதும். எண் இல்லாத சாலையில் நீங்களே உச்சியிலிருந்து எண்ணி வரைபடத்தில் குறித்துக் கொடுத்துவிடுங்கள். போன் வேலை செய்யாதபோது உதவிக்கு ஆல்ப்ஸ் மலைகளில் வழக்கிலுள்ள சைகை ஒன்று உண்டு: ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். ஆளுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அடுத்த அறிவிப்பில் ஏற்றத்தின் படத்துக்குப் பக்கத்தில் இறக்கத்தின் படத்தையும் போடுங்கள்: மொத்த இறக்கம், மிகச் செங்குத்தான கிலோமீட்டர், தார் எங்கே முடிந்து மண் தொடங்குகிறது, நிழலும் ஈரமும் நிற்கும் வளைவுகள், திரும்பும் நேரம். பேட் தடிமனும் மிகச் சிறிய கியரும் பதிவுப் படிவத்தில் இடம்பெறட்டும். உச்சியில் இருபது நிமிடத்தைச் சோதனைக்கும் உடைமாற்றத்துக்கும் ஒதுக்குங்கள், அந்த இருபது நிமிடத்தைத் திரும்பும் நேரத்தில் கழித்துவிடுங்கள். உங்கள் வழிநடத்துநர்கள் பேட் அளக்கவும், லீவரின் நிலையை வைத்துக் கோளாற்றைக் கண்டறியவும் கற்றுக்கொள்ள விரும்பினால், பருவம் தொடங்கும் முன் ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள். கருவிகளோடு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுது பார்ப்பவர்களும் மலைப்பாதை வழிகாட்டிகளும்